ஹொலிச் செடியின் முன்பக்கம்

பெனடிக்றுக்கு இரத்த அழுத்தம் கூடியிருக்கிறது என்று டொக்டர் சொன்னார். என்ன காரணமாக இருக்கும் என்று அவர் யோசித்து முடிப்பதற்குள், பக்கத்தில் இருந்த மனைவி றோஸ்மலர் காரணத்தைச் சொல்லிவிட்டாள்.

“இவர் ட்ரைவிங் பழக்கிறவர். நித்திரையிலையும் பிறேக் அடிக்கிறவர்.”

அது உண்மைதான். பெனடிக்றின் காரில் பழக்குபவர் இருக்கும் பக்கத்திலும் ஒரு பிறேக் உண்டு. இல்ஃபோர்ட்டில் இன்று கார் ஓட்டித் திரிகிற தமிழரில் பாதிப்பேர் அந்தப் பிறேக்கின் தயவில் தப்பியவர்கள் என்பது அவருடைய எண்ணம். சிக்கல் என்னவென்றால், காரைவிட்டு இறங்கிய பிறகும் அவருடைய வலது கால் வேலையை நிறுத்துவதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பிரசங்கம் நீண்டுகொண்டே போனால் வாங்கு இருக்கைக்குக் கீழே அந்தக் கால் மெல்ல அழுந்தும். றோஸ்மலர் பல தடவை பார்த்திருக்கிறாள். ஃபாதர் பார்த்திருக்கமாட்டார் என்று நம்புகிறாள்.

டொக்டர் ஒரு தமிழ்ப் பெண். அவர்களுடைய மகள் றூபினியைவிட இரண்டொரு வயது கூட இருக்கும். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, “அங்கிள், மெதுவா நடக்கிற ஏதாவது ஒண்டைப் பழகுங்கோ. அவசரப்படுத்த ஏலாத ஒண்டு. ஆருக்கும் அப்பிடிச் செய், இப்பிடிச் செய் எண்டு சொல்லத் தேவையில்லாத ஒண்டு” என்றார்.

“அப்பிடி ஒண்டு இருக்கோ?” என்று பெனடிக்ற் உண்மையாகவே கேட்டார்.

அது இருந்த இடம் வெஸ்ட் ஈலிங். அங்கே பாலேந்திரா இருந்தான். கணக்காளன். லண்டனுக்கு வந்த புதிதில் எட்மண்டனில் ஒரே அறையில் பெனடிக்றும் அவனும் ஒன்றாக இருந்தவர்கள். அந்த நாளிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் விட்டதுமில்லை, ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததுமில்லை. யார் முதலில் கார் வாங்கியது, யாருடைய சமையலறை பெரியது, யாருடைய தலையில் மயிர் கூட என்று போட்டி எந்தக் காலத்திலும் இருந்தது. கடைசிப் போட்டியில் இருவருமே தோற்றுவிட்டார்கள்.

கனகதுர்க்கை அம்மன் கோயில் திருவிழாவுக்கு வருடாவருடம் பாலேந்திரா வீட்டில் சாப்பாடு. பெனடிக்ற் வேதக்காரர் என்றாலும் அந்தச் சாப்பாட்டைத் தவறவிட்டதில்லை. அந்த வருடம் சாப்பிட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனபோது மேசையில் ஒரு முழம் உயரத்தில் ஒரு மேப்பிள் மரம் இருந்தது. தட்டையான சட்டிக்குள், பெரிய மரத்தை அப்படியே சுருக்கி வைத்ததுபோல.

“பொன்சாய்,” என்றான் பாலேந்திரா. “எங்கள் ரெண்டு பேரையும்விட வயசு கூட.”

“நீ வளத்ததோ?”

“வாங்கினது.”

“வாங்கிறது ஆரும் வாங்கலாம் மச்சான். ஒரு நேர்சரிச் செடியை எடுத்து மரமாக்கிறதுதான் கெட்டித்தனம்.”

“அப்ப நீ ஆக்கிக் காட்டன்,” என்றான் பாலேந்திரா.

மனைவியோடு வெளியே போகும்போது அவசியம் இல்லாவிட்டால் பெனடிக்ற் காரை எடுப்பதில்லை. ஓய்வு நாளில் மற்றவர்கள் ஓட்டுகிற விதத்தைப் பார்க்க அவரால் ஏலாது. எலிசபெத் லைன் ரயிலில் வீட்டுக்குத் திரும்பும்போது அவர் தொலைபேசியில் பொன்சாய் வீடியோக்களாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இல்ஃபோர்ட் வருவதற்குள் மரத்தைத் தெரிவு செய்துவிட்டார்.

“ஹொலி,” என்றார். “எவ்வளவு வெட்டினாலும் திருப்பித் துளிர்க்குமாம். நத்தாருக்குச் சிவப்புப் பழத்தோடை பாலன் குடிலுக்குப் பக்கத்திலை வைக்கலாம்.”

“பாலேந்திராவைக் கூப்பிட்டுக் காட்டலாம்,” என்றாள் றோஸ்மலர்.

“அதுவும்தான்.”

அடுத்த சனிக்கிழமை குடும்பமாக நேர்சரிக்குப் போனார்கள். நல்ல செடி என்பது இலையில் தெரியாது, அடிமரத்தில்தான் தெரியும் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அதனால் பெனடிக்ற் சரளைக் கல்லில் முழந்தாளிட்டு, ஒவ்வொரு சட்டியாக மண்ணுக்குள் விரலை விட்டு, அடிமரம் கீழே தடிக்கிறதா, வேர் நாலு பக்கமும் பரவுகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு போனார். ஏதாவது தொலைந்துவிட்டதா என்று வேலை செய்கிற பெண் ஒருத்தி வந்து அக்கறையாகக் கேட்டாள். றூபினி அந்தக் கட்டத்தில் கோப்பி குடிக்கப் போய்விட்டாள். தகப்பன் செடியோடு வந்து சேரும்வரை திரும்பிவரவில்லை.

அந்தப் பெண்தான், சாதாரண ஹொலிக்கு இலை பெரிது, சின்ன மரத்துக்கு ஒத்துவராது, யப்பான் ஹொலியை எடுங்கள் என்று சொன்னது. அப்படித்தான் இடுப்பளவு உயரத்தில், அடர்ந்த சின்ன இலைகளோடு அந்தப் புதர் வீட்டுக்கு வந்தது.

றோஸ்மலர் அதைச் சுற்றிவந்து பார்த்தாள். “இதிலை முள் எங்கை?”

“யப்பான் ஹொலிக்கு முள் வராது.”

“பழம்?”

“வரும். கறுப்பா வரும்.”

“முள்ளுமில்லை, சிவப்புப் பழமுமில்லை. பேந்து என்னத்துக்கு ஹொலி எண்டு பேர்?”

“குடும்பப் பேர்,” என்றார் பெனடிக்ற்.

வீட்டுக்கு வந்த எல்லோரும் அதை பொக்ஸ் என்றார்கள், இங்கத்தைய வீடுகளின் முன்னால் சிறு வேலியாக வெட்டி விடுகிற அந்தச் செடிதானே என்று. பெனடிக்ற் ஒவ்வொருவரையும் செடிக்குக் கிட்டக் கூட்டிக்கொண்டு போனார். பொக்ஸ் செடியில் இலைகள் சோடி சோடியாக எதிரெதிரே வரும். ஹொலியில் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி வரும். இதைக் கேட்டு முடிக்காமல் யாரும் போக முடியவில்லை. தபால்காரன் இரண்டு தடவை கேட்டான், இரண்டாம் தடவை தன் விருப்பமில்லாமல்.

வெட்டுகிற வேலை இளவேனிலில் தொடங்கியது. காலையில் கத்தரிக்கோலோடு தோட்டத்துக்குப் போன பெனடிக்ற் மத்தியானம் சாப்பிடக்கூட வரவில்லை. றோஸ்மலர் போய்ப் பார்த்தபோது புதரில் முக்கால்வாசி நிலத்தில் கிடந்தது. மிச்சம் ஒரு தண்டும், அதில் அங்கொன்று இங்கொன்றாக நாலைந்து குச்சிகளும். விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வந்து கூட்டினாள். மூட்டை மூட்டையாகக் கட்டினாள்.

“இதுதான் மரமோ, இல்லாட்டி மூட்டைக்குள்ளை இருக்கிறதோ?” என்று மட்டும் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவளுடைய வடிதட்டு காணாமல் போனது. கீரை கழுவி நீர் வடிய வைக்கிற பச்சை நிறப் பிளாஸ்டிக் வடிதட்டு. தேடினால் அது தோட்டத்து மேசையில் இருந்தது, ஹொலியின் வேர் அதற்குள் இருந்தது. நாலு பக்கமும் ஓட்டை உள்ள பாத்திரத்தில் வைத்தால் வேருக்குக் காற்றுப் படும், மெல்லிய வேர் நிறைய விடும் என்று பெனடிக்ற் விளக்கினார். மண்ணுக்குப் பதிலாக அவர் போட்டிருந்தது பூனை மலங்கழிக்கப் போடுகிற குறுணிக் கல். அதில் ஒரு வகை பொன்சாய்க்கு நல்லதாம், தண்ணீரைப் பிடித்தும் வைக்குமாம், வடியவும் விடுமாம். வேலையால் வந்த றூபினி வாசலில் அந்தப் பைகளைக் கண்டாள். சின்ன வயதிலிருந்து பூனை கேட்டு ஒருநாளும் கிடைக்காதவள் அவள். சந்தோசத்தில் வீடு முழுக்கப் பூனையைத் தேடினாள். கட்டிலுக்குக் கீழேயும் தேடினாள். கடைசியில் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஹொலியைக் காட்டினார்கள். அன்று இரவு அவள் தகப்பனோடு கதைக்கவில்லை.

செடி பிழைத்தது. வெட்டிய இடமெல்லாம் பச்சைப் புள்ளி புள்ளியாகத் துளிர் வந்தது. பெனடிக்ற் குச்சிகளுக்கு அலுமினியக் கம்பி சுற்றி, தான் நினைத்த பக்கத்துக்கு வளைத்தார். வளைக்கும்போது தொழில் குரல் தன்பாட்டில் வந்தது. “இடப்பக்கம். இன்னும் கொஞ்சம் இடம். அவசரப்படாதை. ஆ, காணும்.” யாருக்கும் அறிவுறுத்தல் கொடுக்கத் தேவையில்லாத ஒன்று என்று டொக்டர் சொன்னதை றோஸ்மலர் சமையலறை ஜன்னலுக்குள் இருந்து ஞாபகப்படுத்தினாள்.

தோட்டத்தில் பெனடிக்றுக்கு ஒரு கதிரை இருந்தது. மரத்தின் முன்பக்கம் எது என்பதை அந்தக் கதிரையில் இருந்துதான் அவர் தீர்மானித்தார். பொன்சாய் மரத்துக்கு முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று கட்டாயம் உண்டு. பார்ப்பவருக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பின்பக்கம் சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. அந்தப் பின்பக்கத்தில், அடிமரத்தின் கீழே இருந்து கிளம்பிய ஒரு கிளையை மட்டும் அவர் வெட்டாமல், வளைக்காமல், தன் எண்ணத்துக்கு வளர விட்டிருந்தார்.

“இது கடைசியிலை வெட்டி எறியிற கொப்பு,” என்று றோஸ்மலருக்கு விளங்கப்படுத்தினார். “இது நீளமா வளர வளர அடிமரம் தடிக்கும். தடிச்ச பிறகு இதுக்கு வேலையில்லை.”

“பாவம்,” என்றாள் றோஸ்மலர்.

அந்தக் கிளை முதலாவது கோடையில் மரத்தைவிட உயர்ந்தது. இரண்டாவது கோடையில் பழைய காலத்து டிவி அன்ரனா மாதிரி ஆளுயரத்துக்குக் கிட்ட நின்றது. கதிரையில் இருந்து பார்த்தால் அதன் நுனி மட்டும் மரத்துக்கு மேலே ஆடுவது தெரியும். ஜன்னலில் இருந்து பார்த்தால் அதைத் தவிர வேறொன்றும் அவ்வளவாகத் தெரியாது. பாலேந்திரா வந்து பார்த்துவிட்டு, “மச்சான், உன்ர மரத்திலை எத்தினை சனல் பிடிக்குது?” என்று கேட்டான். றூபினி, எப்போது வெட்டப் போகிறீர்கள் என்று கேட்டாள். “இப்ப இல்லை,” என்பதே எல்லோருக்கும் பதில்.

றோஸ்மலர் ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுக்கிறவள். நரம்பு எங்கே என்று தெரியாத கைகளிலும் தடவிப் பார்த்து ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். மற்றவர்களால் ஏலாமல் போன நோயாளிகளை அவளிடம்தான் அனுப்புவார்கள். கத்திரிகளையும் கம்பிகளையும் பெனடிக்ற் ஒரு பெட்டிக்குள் வைத்துப் பூட்டி வைத்திருந்தார். அவற்றைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. ஆனால் பெனடிக்ற் காலையிலிருந்து மாலைவரை பாடம் நடத்தப் போய்விடுவதால் வெயில் நாட்களில் மரத்துக்குத் தண்ணீர் விட்டது அவள்தான். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த இரண்டாவது கோடையின் ஆடி மாதத்தில் கோயில் பங்கிலிருந்து வல்சிங்கம் மாதா திருவிழாவுக்குப் பஸ் போனது. பெனடிக்ற் விடியவே போய்விட்டார். றோஸ்மலருக்குக் காலை ஷிப்ட், போக முடியவில்லை. மத்தியானம் வீட்டுக்கு வந்து, உடுப்புத் தோய்த்துத் தோட்டத்தில் காயப்போட்டாள். பிறகு குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக்கொண்டு ஜன்னலால் பார்த்தாள். தேத்தண்ணியைக் குடித்து முடித்தாள். இழுப்பறையைத் திறந்து, மீன் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

பெனடிக்ற் திரும்பி வந்தபோது வெயில் இன்னும் போகவில்லை. கையில் மாதாவின் தீர்த்தப் போத்தலோடு நேரே தோட்டத்துக்குப் போனார். கொப்பு நின்ற இடத்தில் வெட்டுக்காயம் மட்டும் இருந்தது. பிறகு வீட்டுக்குள்ளால் நடந்து, முன்கதவைத் திறந்து, வாசலில் நின்ற தன் காரில் ஏறி, பழக்குபவருடைய இருக்கையில் இருந்து கதவைச் சாத்திக்கொண்டார். சத்தம் போடவில்லை. அதுதான் றோஸ்மலருக்குப் பயமாக இருந்தது.

“ஆர் செத்தது?” என்று மாடியில் இருந்து வந்த றூபினி கேட்டாள்.

“நீ மேலை போ,” என்றாள் றோஸ்மலர்.

இரண்டு கோப்பையில் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு காருக்குப் போனாள். மற்றப் பக்கக் கதவைத் திறந்து ஓட்டுபவருடைய இருக்கையில் இருந்தாள். அப்படி ஒரு இருக்கையில் அவள் அதற்கு முன் ஒரே ஒரு நாள்தான் இருந்திருக்கிறாள். கலியாணம் கட்டின புதிதில் பெனடிக்ற் அவளுக்கு ஓட்டப் பழக்க வெளிக்கிட்டார். கான்ற்ஸ் ஹில் ரவுண்டபவுட்டைத் தாண்டியதும் அவள் காரை ஓரமாக நிறுத்தி, இறங்கி, பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊரில் பாதிப்பேருக்குப் பழக்கிய மனுசனின் மனைவிக்கு இன்றுவரை லைசன்ஸ் இல்லை.

“கோபமோ?” என்று கேட்டாள்.

“இல்லை. டொக்டர் கோபப்படக் கூடாதெண்டவ.”

“அப்ப ஏன் காருக்குள்ளை இருக்கிறியள்?”

“யோசிக்கிறன்.”

தேத்தண்ணியைக் கொடுத்தாள். அவர் வாங்கினார், குடிக்கவில்லை.

“காத்துக்குச் சீலை அந்தக் கொப்பிலை கொளுவிப்போட்டுது, அதுதான் வெட்டினனான் எண்டு சொல்லலாமெண்டு நினைச்சனான்,” என்றாள் றோஸ்மலர். “பொய் சொல்ல மனம் வரேல்லை. யோசிச்சுத்தான் வெட்டினனான்.”

“ரெண்டு வருசமா வளத்த கொப்பு, றோஸ்.”

“தெரியும். தண்ணி விட்டது ஆர்?”

பெனடிக்ற் கோப்பையை மற்றக் கைக்கு மாற்றினார்.

“வெட்டி எறியிறதுக்கு வளக்கிற கொப்பெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“ஓம். வெட்டத்தான் வேணும். இப்ப இல்லை.”

“எப்ப?”

“அடிமரம் இவ்வளவு தடிச்சது காணுமெண்டு எனக்குப் படேக்கை.”

“உங்களுக்கு ஒருநாளும் படாது. லைசன்ஸ் ரெஸ்ற்றுக்கு விடவேண்டிய பிள்ளையளையும் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் எண்டு வைச்சிருக்கிறியள். உங்களிட்டைப் பழகிற பிரவின் கோயில் வாசலிலை என்னைப் பிடிச்சுக் கேட்டவன், அன்ரி, நான் எப்ப ரெஸ்ற்றுக்குப் போறது எண்டு. காசுக்காக வைச்சிருக்கிறியள் எண்டு சனம் சொல்லுது. எனக்குத் தெரியும், அது பயம்.”

பெனடிக்ற் திரும்பிப் பார்த்தார். அவள் பகிடிக்குச் சொல்லவில்லை. அவருக்கு ஏதோ சொல்லவேண்டும்போல் இருந்தது, ஆனால் பிரவின் நன்றாகத்தான் ஓட்டுகிறான் என்பதும் ஞாபகம் வந்தது.

“வெட்டினா திருப்பி ஒட்ட ஏலாது,” என்றார் மெதுவாக. “அதுதான்.”

“ஓம். அது எனக்கும் தெரியும்.”

“என்னைக் கேட்டிருக்கலாம்.”

“கேட்டிருந்தா விளங்கப்படுத்தியிருப்பியள். பொழுது பட்டிருக்கும்.” அவள் ஒரு மிடறு குடித்தாள். “கேக்காமல் செய்தது பிழைதான். அதுக்கு மன்னிப்புக் கேக்கிறன். வெட்டினதுக்குக் கேக்கேல்லை.”

பெனடிக்ற் தேத்தண்ணியைக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. ஆனாலும் முழுவதையும் குடித்தார்.

அதற்குப் பிறகு ஒரு கிழமை வீட்டில் தேவையான கதை மட்டும்தான். உப்பு எங்கே, குப்பை எப்போது எடுப்பார்கள், அந்த அளவுக்கு. வெட்டின இடத்துக்கு அவர் பசை பூசினார். கதிரையில் இருந்து பார்க்கும்போது அது தெரியாது என்பது ஒரு ஆறுதல். ஜன்னலில் இருந்து பார்க்கும்போது நன்றாகத் தெரியும். றோஸ்மலர் பாத்திரம் கழுவிக்கொண்டு பார்த்தாள். மனதுக்குள் அவளுக்கும் கொஞ்சம் சந்தேகம் வந்திருந்தது. அதைச் சொல்ல அவள் தயாராக இல்லை.

புரட்டாதியில் ஒரு பொன்சாய்ச் சங்கத்தின் கண்காட்சி வந்தது. ஒரு மண்டபத்தில், வரிசையாக மேசைகள், புதிதாகத் தொடங்கியவர்களுக்கு ஓரமாக ஒரு மேசை. மரத்தைக் கொண்டுபோவதா இல்லையா என்று பெனடிக்ற் பல நாள் யோசித்தார். பாலேந்திரா மேப்பிளைக் கொண்டுவருகிறான் என்று கேள்விப்பட்டதும் யோசிப்பதை நிறுத்திவிட்டார்.

மேசையில் இருந்த மற்ற மரங்கள் எல்லாம் அழகான சட்டிகளில் நின்றன. ஹொலி மட்டும் பச்சை வடிதட்டில் நின்றது. காலையிலிருந்து அதிகம் பேர் படம் எடுத்தது வடிதட்டைத்தான். பெனடிக்ற் வெட்டுக்காயத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து, பக்கத்தில் காவல் நின்றார். பொக்ஸ் செடியா என்று கேட்டவர்களுக்கு இலையைக் காட்டினார்.

மத்தியானம் மொரீன் வந்தாள். எண்பது வயதுக்குக் கிட்ட, கட்டையான, ஊன்றுகோல் பிடித்த வெள்ளைக்கார மனுசி. அந்தச் சங்கத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான் என்று பெனடிக்ற் கேள்விப்பட்டிருந்தார். ஹொலியின் முன்னால் நின்று, குனிந்து, அடிமரத்தைப் பார்த்தாள். திருப்பிப் பார்க்கலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல பெனடிக்றுக்கு வாய் வரவில்லை. அவள் ஊன்றுகோலைப் பக்கத்தில் நின்ற பாலேந்திராவிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் வடிதட்டைப் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பினாள். காயம் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றது.

“இதுவல்லவோ முன்பக்கம்,” என்றாள் ஆங்கிலத்தில்.

பெனடிக்ற் பார்த்தார். இவ்வளவு காலமும் கதிரையில் இருந்து பார்க்கும்போது முன்னுக்கு நின்ற இலை மறைத்ததில் அந்த அடிமரம் வேலிக்கட்டை மாதிரி நேராகத் தெரிந்தது. இந்தப் பக்கத்தில் இருந்து பார்த்தால் அது வேரிலிருந்து எழும்பி, ஒரு பக்கம் சாய்ந்து, வெட்டின இடத்துக்கு மேலே மறுபக்கம் திரும்பியது. வேர்கள் விரல்களைப் போல் கீழே பிடித்துக்கொண்டு நின்றன. அவருடைய மரம்தான். அவர் கண்டதேயில்லை.

“எனக்கு எப்பவும் இந்தப் பக்கம்தானே தெரியிறது,” என்று பின்னால் நின்ற றோஸ்மலர் மகளிடம் மெதுவாகச் சொன்னாள். “அந்தக் கொப்புத்தான் மறைச்சுக்கொண்டு நிண்டது.”

அவள் என்ன சொன்னாள் என்று மொரீன் கேட்டாள். றூபினி மொழிபெயர்த்தாள். மொரீன் றோஸ்மலரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு காயத்தைக் காட்டி, இதை யார் வெட்டியது என்று கேட்டாள்.

பாலேந்திரா ஊன்றுகோலைப் பிடித்தபடி ஆவலோடு காத்துக்கொண்டு நின்றான்.

“என்ர மனுசி,” என்றார் பெனடிக்ற், ஆங்கிலத்தில்தான், ஆனால் வீட்டில் சொல்லுகிற அதே குரலில்.

சரியான வேலை என்றாள் மொரீன். போன வருடமே வெட்டியிருக்க வேண்டியது. இன்னும் விட்டிருந்தால் காயம் ஆறாத அளவுக்குப் பெருத்திருக்கும். றோஸ்மலர் நிலத்தைப் பார்த்தாள். சிரிக்கக்கூடாது என்று அவள் படுகிற பாடு பெனடிக்றுக்கு விளங்கியது. விளங்கியதால் அவருக்கு இன்னும் எரிச்சல் வந்தது. மொரீன் கண்ணாடியைச் சரிசெய்து காயத்தைக் கிட்டப் பார்த்தாள். முகம் சுருங்கியது. எதால் வெட்டினீர்கள் என்று கேட்டாள்.

“கத்தரிக்கோல்,” என்று றூபினி ஆங்கிலத்தில் சொன்னாள்.

“மீன் வெட்டுற கத்தரிக்கோல்,” என்று பெனடிக்ற் திருத்தினார். அன்றைய நாளில் அவர் முதன்முதலாகச் சந்தோசப்பட்டது அப்போதுதான்.

மொரீன் கண்ணை மூடித் திறந்தாள். விளிம்பு நசிந்து போயிருக்கிறது, இப்படியே விட்டால் மூடாது, கூரான கத்தியால் சுற்றிவரச் சீவிவிட வேண்டும் என்றாள். தன் பையிலிருந்த கத்தியை எடுத்து எப்படிப் பிடிப்பது என்று காட்டினாள். காட்டியது றோஸ்மலருக்கு. றோஸ்மலர் கத்தியை வாங்கி, காயத்தின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்தைச் சீவினாள். மெல்லிய சுருளாக வந்தது. மொரீன் தலையாட்டினாள்.

“ஆயுதமெல்லாத்தையும் நீங்கள் பூட்டி வைச்சா நான் மீன் கத்தரிக்கோலைத்தானே எடுக்கலாம்,” என்றாள் றோஸ்மலர் கணவரைப் பார்க்காமலே.

பாலேந்திராவின் மேப்பிளுக்கு அவர்களுடைய பிரிவில் இரண்டாம் இடம் கிடைத்தது. “வாங்கிறதெண்டாலும் தெரிஞ்சு வாங்க வேணும் மச்சான்,” என்றான். ஹொலிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் ஒழுங்கான சட்டியில் கொண்டுவாருங்கள் என்று மொரீன் சொல்லிவிட்டுப் போனாள்.

மரத்தை ரயிலில் கொண்டுபோக ஏலாது என்பதால் அன்று காரில் வந்திருந்தார்கள். திரும்பி வரும்போது மரம் றோஸ்மலரின் மடியில் இருந்தது. பெனடிக்ற் வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். றொம்ஃபோர்ட் றோட்டில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது கேட்டார்.

“அந்தப் பக்கம்தான் வடிவெண்டு ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“அதுதான் முன்பக்கமெண்டு எனக்கென்ன தெரியும்? எனக்கு அது குசினிப் பக்கம்.”

பின்னால் இருந்து றூபினி, பச்சை விளக்கு வந்துவிட்டது என்றாள்.

அடுத்த நாள் பெனடிக்ற் மரத்தைத் திருப்பி, புதிய முன்பக்கம் கதிரையைப் பார்க்கும்படி வைத்தார். வேலை முடிந்து வந்து பார்த்தபோது அது மறுபடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவர் திருப்பினார். மறுநாளும் அப்படியே. யார் திருப்புவது என்று இருவரும் கேட்கவில்லை. குளிர்காலம் வரை மரம் இப்படிச் சுற்றிக்கொண்டே இருந்ததில் இரண்டு பக்கத்திலும் வெளிச்சம் பட்டு, முன்பு ஐதாக இருந்த பக்கத்திலும் இலை அடர்ந்தது. இதைக் கண்டவர் பெனடிக்ற். சொன்னவள் றோஸ்மலர்.

மார்கழியில் பிரவின் ரெஸ்ற்றுக்குப் போனான். பாஸ். பெனடிக்ற் அதைப் பற்றி வீட்டில் ஒன்றும் கதைக்கவில்லை; பிரவினே ஒரு கேக்கோடு வந்து சொல்லிவிட்டுப் போனான்.

பங்குனியில், வேர் எழும்புவதற்கு முன், சட்டி வாங்கப் போனார்கள். இருவராகப் போனார்கள். ஆயுதப் பெட்டிக்கு இப்போது இரண்டு திறப்பு, ஒன்று அவளிடம். கடையில் றோஸ்மலர் நீலச் சட்டி ஒன்றை எடுத்தாள், கடல் நிறத்தில் மினுங்குகிற ஒன்று. பெனடிக்ற் மண்ணிறத்தில், மினுக்கம் இல்லாத ஒன்றைக் காட்டினார்.

“அது செத்த நிறம்,” என்றாள் அவள்.

“இலை கடும் பச்சை. பக்கத்திலை நீலத்தை வைச்சா சனம் சட்டியைத்தான் பார்க்கும். வடிதட்டிலை வைச்சுப் பட்ட பாடே காணும்.”

அவர் அதற்கு மேல் விளங்கப்படுத்தவில்லை. அது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று றோஸ்மலருக்குத் தெரியும். இரண்டு சட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தொலைபேசியில் இருந்த மரத்தின் படத்தைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு நீலத்தைத் திருப்பித் தட்டில் வைத்தாள்.

“சரி. மண்ணிறம்.”

“நான் சொன்னது சரியோ?”

“மண்ணிறம் எண்டு சொன்னனான்.”

கடையிலும் வழியிலும் பெனடிக்ற் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும், தான் காட்டிய சட்டியைத்தான் றோஸ்மலர் எடுத்தாள் என்று றூபினியிடம் சொன்னார். பாலேந்திராவுக்குப் போன் எடுத்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஃபாதரிடமும் சொன்னார். சட்டியைப் பற்றி எதுவுமே கேட்டிராத ஃபாதர், மிகவும் நல்லது என்று சொல்லி அவருடைய தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார்.